ஐந்துக்குக் குறைவாக

சுப்பீரியர் ஏரியின் மூடுபனி
மூன்றாம் மாடிவரை ஏறிவரும் காலைகளில்
ஆர்டெல் லூசியர் என் மேசைக்கு வருவார்.
கையில் விண்ணப்பப் படிவம்,
காலில் உப்புப் பூத்த பனிக்காலணி.

இருபத்தாறு ஆண்டுகள்
இந்தப் பல்கலைக்கழகத்தின் எண்களைக் காத்தவன் நான்.
யார் சேர்ந்தார், யார் தேர்ந்தார்,
யார் நடுவில் நின்றார்,
எந்தத் துறை, எந்த இனம், ஆணா பெண்ணா,
எல்லாம் கட்டம் கட்டமாக.

ஒரு விதி உண்டு.
ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவென்றால்
எண்ணை எழுதக் கூடாது.
ஆள் யாரென்று தெரிந்துவிடும்.
அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி.
நல்ல விதி.
யாரையும் காட்டிக்கொடுக்காத விதி.
அதைப் பெருமையோடுதான் செய்துவந்தேன்.

வெள்ளை மாணவர் பத்தியில் நட்சத்திரமே கிடையாது.
அங்கே பகல்.
மோங், கறுப்பினத்தவர், ஒஜிப்வே என்று
வலப்பக்கம் போகப் போக
இருட்டிக்கொண்டு வரும்.
நான் கவனித்ததில்லை.
ஆர்டெல்தான் ஒருநாள் தாளைத் தூக்கிப் பிடித்து
"பார், உன் ஊர் இரவு" என்றார்.
சிரித்தாரா என்று இன்றும் தெரியவில்லை.

விதியை உடை என்று ஒருமுறையும் கேட்டதில்லை.
மற்றவர்கள் சராசரிகளை எழுதினார்கள்;
அவர் குறியின் பின்னால் போனார்.
பெட்ரோல் பங்க், பிங்கோ கூடம், சலவைக்கடைச் சுவர்களில்
சீட்டு ஒட்டினார்:
இங்கே படித்தீர்களா? விட்டுவிட்டீர்களா? பேசலாம்.

பொறியியலை இரண்டாம் ஆண்டில் விட்டவன்
இரும்புத்தாதுக் கப்பல்துறையிலிருந்து கூப்பிட்டான்.
வேதியியலின் ஒற்றைப் பெண்
ஒரு மோட்டலின் துணி மடிக்கும் அறையிலிருந்து.
ஆய்வகத்தில் ஜோடி சேர யாரும் வரவில்லையாம்.
ஆசிரியர் சொன்னாராம்,
"நீ வேகமானவள், தனியாகவே செய்."
பாராட்டு என்றுதான் முதலில் நினைத்தாளாம்.

அந்த வரியை ஒரு கட்டுரையின் நடுவில் வைத்தார்.
மதிப்பிட்டவர் ஓரத்தில் எழுதினார்:
மாதிரி அளவு போதாது.
பதவி உயர்வுக் குழுவும் அதையே சொன்னது,
இரண்டு முறை.
ஆனால் பல்கலைக்கழக விளம்பர மடலில்
அவர் முகம் ஆறு வருடம் வந்தது,
ஒரே படம், ஒரே காதணி.

பிறகு ஓர் அலுவலகம் கொடுத்தார்கள்.
கதவில் பித்தளைப் பலகை: சமத்துவம், பன்மைத்துவம்.
இரண்டு நாற்காலி, ஒரு காப்பி இயந்திரம், ஒரு ஹீட்டர்.
மாணவர்கள் வருவது ஹீட்டருக்குத்தான் என்பார்.
ஒரு குளிர்காலம் முழுக்க
எந்தப் பத்தியிலும் சேராத ஒரு பையன்
அங்கே தூங்கிவிட்டுப் போனான்.
தேர்ச்சியும் பெற்றான்.

அவர் ஓய்வுபெற்ற அன்று
பழைய பெட்டியிலிருந்து ஒரு தாளை
பரிசாக எடுத்துக்கொடுத்தேன்.
எழுபத்தொன்பது, நிலவியல் துறை,
பழங்குடிப் பெண்கள்:
எனக்கு முன்னிருந்தவர் பேனாவால் இட்ட நட்சத்திரம்.
"நீங்கள்தானே?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நான் அப்போது இங்கே இல்லை.
டுலூத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்.
இவளைத்தான் முப்பது வருடமாகத் தேடுகிறேன்.
டோரீனோ, டார்லீனோ.
கோட்டுப் பையெல்லாம் கல்லாம்."

அடுத்த ஆண்டுத் தாளில்
அந்தக் கட்டத்தில் பூஜ்யம்.
பூஜ்யத்தை மறைக்க விதியில்லை.

இந்த இலையுதிர்காலத்தில் உத்தரவு வந்தது.
அலுவலகம் மூடல்.
அட்டவணையில் இனப் பத்திகள் இனி வேண்டாம்.
விசையை அழுத்தினேன். பத்திகள் போயின,
நட்சத்திரங்களோடு.
தாள் முழுக்கப் பகல்.

மாலையில் அந்தக் கதவைக் கடந்தேன்.
பலகையைக் கழற்றியிருந்தார்கள்.
மரத்தில் திருகாணித் துளைகள்.
எண்ணினேன், பழக்கதோஷம்.
நான்கு.
விதிப்படி
இதை நான் உங்களிடம் சொல்லக் கூடாது.